இன்னும் 1,02,600 ரூபாய் கட்டினால் பணம் வந்துவிடுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பி.காம். முடித்திருக்கிறேன். குழந்தைக்கு இரண்டு வயது என்பதால் வேலைக்குப் போகவில்லை. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். போன மாதம் வாட்ஸாப்பில், ‘வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை’ என்று ஒரு செய்தி வந்தது. ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு 150 ரூபாய் என்றார்கள். மூன்று போட்டேன், உடனே 450 ரூபாய் வந்தது. அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். 1,000 கட்டினேன், 1,300 வந்தது. 3,000 கட்டினேன், 3,900 வந்தது. அதன் பிறகு 10,000, 28,000, 70,000, 80,000 என்று கட்டியதில் எதுவும் திரும்பவில்லை. அவர்களுடைய தளத்தில் என் கணக்கில் 3,42,000 ரூபாய் இருப்பதாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால் 30 சதவீத வரி, அதாவது 1,02,600 ரூபாய் முதலில் கட்டச் சொல்கிறார்கள். மகளிர் குழுக் கடன் 50,000, வளையலை அடகு வைத்தது 80,000, மீதி சேமிப்பு எல்லாம் போய்விட்டது. கணவருக்கு எதுவும் தெரியாது. நாத்தனாரையும் இதில் சேர்த்துவிட்டேன். இந்த வரியை மட்டும் எப்படியாவது புரட்டிக் கட்டிவிட்டால் பணம் வந்துவிடுமா? எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை.

பதில்: சகோதரி, கட்டாதீர்கள். இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே உங்களோடு போனில் பேசினேன். மறுநாள் காலையில் நீங்கள் 1930 என்ற இணையப் பண மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்துப் புகாரும் கொடுத்துவிட்டீர்கள். அன்று அவசரத்தில் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். இதே இடத்தில் இன்னும் பல பேர் நின்றுகொண்டிருப்பார்கள், யாரிடமும் சொல்ல முடியாமல்.

முதலில் உங்கள் கடைசி வரி. தொண்டையில் முள் மாட்டியது போல இருந்தது அதைப் படித்தபோது. உங்களிடமிருந்து போனது 1,86,350 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேர் உழைத்தால் மூன்று நான்கு வருடத்தில் மீட்டுவிடக்கூடிய தொகை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அம்மாவை அப்படி மீட்க முடியாது. அந்த நினைப்பு மறுபடி வந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. பணத்தைப் பற்றி மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சரி, அந்த வரிக்கு வருவோம். கிரிப்டோ என்கிற டிஜிட்டல் நாணய வருமானத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி இருப்பது உண்மை. அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டுதான் உங்களை நம்ப வைக்கிறார்கள். ஆனால் வருமான வரி என்பது உங்கள் பான் எண்ணில், வருமான வரித் துறையின் தளத்தில் நீங்களே கட்டுவது. அல்லது உங்களுக்குப் பணம் கொடுப்பவர் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. யாரோ ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு வரி அனுப்பச் சொல்லும் முறை இந்த நாட்டில் கிடையாது. ‘என் கணக்கில்தான் 3,42,000 இருக்கிறதே, வரியை அதிலேயே கழித்துக்கொண்டு மீதி 2,39,400-ஐ அனுப்புங்கள்’ என்று அவர்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘சிஸ்டம் அனுமதிக்காது’ என்பார்கள். அனுமதிக்காததற்குக் காரணம், கழிக்க அங்கே பணமே இல்லை. அந்த 3,42,000 அவர்கள் தட்டச்சு செய்து வைத்த எண். நாளைக்கே அதை 34 லட்சம் என்று மாற்றவும் அவர்களால் முடியும்.

வரியைக் கட்டியிருந்தால் அடுத்து என்ன வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் கிரெடிட் ஸ்கோர் 80-தான் இருக்கிறது, 100 ஆனால்தான் எடுக்க முடியும், ஒரு புள்ளிக்கு இவ்வளவு’ என்பார்கள். அதற்கப்புறம் ‘தவறான கணக்கு எண் கொடுத்துவிட்டீர்கள், முடங்கிவிட்டது, திறக்கக் கட்டணம்’ என்பார்கள். உங்களிடம் பணம் தீரும்வரை காரணங்கள் தீராது.

நீங்கள் அனுப்பிய பாஸ்புக் பக்கத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு தடவை பணம் போயிருக்கிறது. ஆறும் ஆறு பெயருக்கு. ஒன்றில் ஒரு பெண் பெயர், ஒன்றில் மளிகைக் கடைப் பெயர், ஒன்றில் ஏதோ எண்டர்பிரைசஸ். ஒரு கம்பெனி என்றால் அதன் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் இருக்கும், பணம் அங்கேதான் போகும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆளுக்கு அனுப்பச் சொல்வது ஏன் தெரியுமா? ஒரு கணக்கை போலீஸ் முடக்கினாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு வந்த 450, 1,300, 3,900. இந்த மூன்றும் மூன்று வேறு ஆட்களின் கணக்கிலிருந்து வந்திருக்கின்றன. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது பெரும்பாலும் உங்களைப் போல வேறொரு ஊரில் ஏமாந்த யாரோ கட்டிய பணம். நீங்கள் கட்டிய 10,000-லிருந்து இன்னொருவருக்கு 450 போயிருக்கும், அவரும் ‘உடனே வந்துவிட்டது, நிஜமான வேலைதான்’ என்று நம்பியிருப்பார். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்க்கப் பணம் கட்டச் சொன்ன திட்டங்கள் கவிழ்ந்தது நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கேயும் முதல் சில மாதங்கள் பராமரிப்புத் தொகை தேதி தவறாமல் வந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ஊரே போய்ப் பணம் கட்டியது. புதிதாக வருகிறவர் கட்டுவதை எடுத்து ஏற்கெனவே இருப்பவருக்குக் கொஞ்சம் கொடுப்பது பழைய வித்தை. முன்பு அதற்கு ஒரு பண்ணையும் கொஞ்சம் கோழியும் தேவைப்பட்டன. இப்போது ஒரு செல்போன் போதும்.

உங்கள் டெலிகிராம் குழுவின் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் பார்த்தேன். 11.42-க்கு ஒருவர் ‘எனக்கு 45,500 வந்துவிட்டது, நன்றி மேடம்’ என்கிறார். அதே 11.42-க்கு இன்னொருவர் 78,000. 11.43-க்கு மூன்றாவது ஆள், ‘நான் முதலில் பயந்தேன், இப்போது சந்தோஷம்’ என்கிறார். நீங்கள் 28,000-க்குத் தயங்கியபோது, ‘நீங்கள் ஒருவர் முடிக்காததால் எங்கள் நான்கு பேர் பணமும் நிற்கிறது’ என்று ஒரு பெண் அழுகிற பொம்மை போட்டிருக்கிறாள். உங்களுக்கு அங்கேதான் மனசு இளகியது என்று சொன்னீர்கள். சகோதரி, அந்தக் குழுவில் ஏமாந்த ஆள் நீங்கள் ஒருவர் மட்டுமாகவே இருந்திருக்கலாம். மற்றவர்கள் எல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து பல போன்களை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். இருபது நிமிடத்துக்குள் கட்ட வேண்டும் என்று கெடு வைப்பது, நீங்கள் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

10,000 கட்டும்போது நீங்கள் ஆசைப்பட்டிருக்கலாம். 70,000-ம் 80,000-ம் ஆசையால் போனதில்லை. ஏற்கெனவே போட்ட 38,000-ஐ எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற பயத்தால் போனது. அதனால்தான் படித்தவர், படிக்காதவர், அதிகாரி என்று எல்லோருமே இதில் விழுகிறார்கள். ‘பேராசைப்பட்டாய்’ என்று யாராவது உங்களைச் சொன்னால் அது உண்மையில்லை என்று நான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. அரூரில் வங்கிக் கிளை மேலாளராக இருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 6 லட்சம் ரூபாயை வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்ப ஆர்டிஜிஎஸ் படிவம் பூர்த்தி செய்துகொண்டு வந்தார். என்ன செலவு சார் என்று கேட்டேன். மகனுக்கு மனை வாங்குகிறேன் என்றார். மனை எங்கே என்றால் பென்னாகரம் ரோட்டில் என்றார். படிவத்தில் இருந்த கணக்கோ வட மாநிலத்தில் ஏதோ ஒரு ஊர்க் கிளை, ஒரு டிரேடர்ஸ் பெயர். அவருடைய போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். டீ சொல்லி உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்னொரு வங்கியில் இருந்த கணக்கிலிருந்து அன்றைக்கே அனுப்பியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து வந்து என் அறை வாசலில் நின்றார். பங்குச் சந்தை ஆப் என்று ஒன்றை லிங்க் மூலம் இறக்க வைத்திருக்கிறார்கள். ‘வங்கியில் காரணம் கேட்பார்கள், நிலம் வாங்குவதாகச் சொல்லுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். அவரை அன்று நிறுத்த முடியவில்லையே என்று இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. வங்கியில் இருப்பவரிடமோ வீட்டில் இருப்பவரிடமோ பொய் சொல்லச் சொல்கிற எந்த வேலையும் நல்ல வேலை இல்லை. அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

நம் பக்கம் புளிக் காலத்தில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளியை உடைத்துக் கொட்டை எடுக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்க இடுப்பு ஒடிய உட்கார்ந்தாலும் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஆனால் புளி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிற மண்டிக்காரர், ‘முதலில் நீ எனக்கு ஆயிரம் கொடு’ என்று கேட்டதுண்டா? வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான், கூலி வாங்க மாட்டான். இன்னொன்றும் யோசியுங்கள். உடைத்த புளியை வாங்க ஆள் இருக்கிறது, அந்த விலையிலிருந்துதான் கூலி வருகிறது. நீங்கள் போடுகிற ஒரு நட்சத்திரத்துக்கு எந்த ஓட்டல்காரர் 150 ரூபாய் கொடுப்பார்? ஒரு சாப்பாட்டில் அவருக்கே அவ்வளவு நிற்காது. வீட்டிலிருந்து வேலை என்று எது வந்தாலும், இந்த வேலையின் பலனை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் அங்கே விற்கப்படுவது நீங்கள்தான்.

இனி செய்ய வேண்டியவை. 1930-க்கு அழைத்தபோது உங்களிடம் ஒவ்வொரு பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை, போன கணக்கு விவரம் எல்லாம் கேட்டிருப்பார்கள். அதை வைத்துப் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும், அங்கிருந்து அது தாவிய அடுத்தடுத்த வங்கிகளுக்கும் தகவல் போகும். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பார்கள். பணம் போன ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழைத்தால் கணிசமாகப் பிடிக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கடைசி 80,000 போய் நான்கு நாள் கழித்துத்தான் அழைத்திருக்கிறீர்கள். அதனால் முழுவதும் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஏதாவது ஒரு பகுதி எங்காவது நின்றிருந்தால், அது உரிய நடைமுறைகள் முடிந்த பிறகு உங்களுக்குத் திரும்பும். மாதங்கள் ஆகலாம். புகார் எண் உங்களிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தர்மபுரியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். ஸ்டேட்மென்ட், டெலிகிராம் உரையாடல், அந்தத் தளத்தின் முகவரி, பேசிய எண்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். வெறுப்பில் அந்தக் குழுவை அழித்துவிடாதீர்கள், உங்களிடம் இருக்கும் சாட்சியே அதுதான்.

வங்கி இந்தப் பணத்தைத் தருமா என்று கேட்டீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. உங்களுக்குத் தெரியாமல், வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் கணக்கிலிருந்து யாராவது பணத்தை எடுத்துவிட்டால், வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால் நஷ்டம் உங்களுடையது ஆகாது என்றது அது. ஆனால் உங்கள் விஷயத்தில் பின் நம்பரைப் போட்டு அனுப்பியது நீங்களே. அதனால் அந்தப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு வந்த 5,650 ரூபாயை மறைக்காமல் புகாரில் எழுதுங்கள். அந்தப் பணத்தின் சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்திருந்தால், ஒரு நாள் உங்கள் கணக்கு முடங்கக்கூடும். அப்போது பதறாமல் வங்கியில் கேட்டு, எந்த மாநிலப் போலீஸ், என்ன புகார் எண் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் புகார் அதற்கு முன்பே பதிவாகியிருப்பது பெரிய பலம். கடைசியாக, அந்த டெலிகிராம் குழுவின் ‘மேடம்’ உங்களிடம், ‘வரி கட்டப் பணமில்லை என்றால் உங்கள் கணக்கைக் கொடுங்கள், வேறு சிலர் அதில் பணம் போடுவார்கள், 2 சதவீதம் உங்களுக்கு’ என்று கேட்டிருக்கிறாள். நல்லவேளை, நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் புகார் கொடுத்தவராக இருக்க மாட்டீர்கள், வழக்கில் சிக்கியவராக இருந்திருப்பீர்கள். கல்லூரிப் பையன்கள் பலர் ஐந்தாயிரம் பத்தாயிரத்துக்கு ஆசைப்பட்டு பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் இப்படிக் கொடுத்துவிட்டு, அப்புறம் வேறு மாநிலப் போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அழுகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மட்டுமாவது எடுத்துச் சொல்லுங்கள்.

நாத்தனாரிடம் இன்றைக்கே பேசுங்கள். அவர் 3,000-க்கு மேல் போகவில்லை என்றீர்கள். அங்கேயே நிறுத்த முடியும். அவர் மூலம் வேறு யாராவது சேர்ந்திருந்தால் அவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

கணவரிடம் சொல்வதுதான் உங்களுக்கு மலை போல இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, இந்த மாதிரி குடும்பங்களில் பணம் போனதைவிட மறைத்ததுதான் அதிகக் காயத்தைத் தருகிறது. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த பிறகு பேசுங்கள். தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 1,92,000 போனது, 5,650 வந்தது, வளையல் அடகில் இருக்கிறது, குழுக் கடன் இவ்வளவு, புகார் கொடுத்தாகிவிட்டது என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வாயால் சொல்லும்போது அழுகை வந்து பாதியில் நின்றுவிடும், தாள் முழுவதையும் சொல்லிவிடும். அவர் கோபப்பட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

கடன்களில் வளையலுக்கு வட்டியைத் தவறாமல் கட்டி வாருங்கள், கெடு வந்தால் புதுப்பித்துக் கொள்ளுங்கள், ஏலத்துக்கு மட்டும் விடாதீர்கள். மகளிர் குழுத் தலைவியிடம் உண்மையைச் சொல்லித் தவணைக்கு நேரம் கேளுங்கள். இந்த ஓட்டையை அடைக்க ஆன்லைன் லோன் ஆப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அந்த ஆப்களில் பல போனில் இருக்கும் எண்களையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவுக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புகின்றன. ஒரு குழியிலிருந்து எழுந்து அடுத்த குழியில் விழுந்தது போல ஆகிவிடும்.

இன்னும் சில நாளில் உங்களுக்கு ஒரு போன் வரலாம். ‘சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டோம், ஃபைல் நகர 5,000 அனுப்புங்கள்’ என்று. அல்லது ஹேக்கர் என்று ஒருவன் வருவான். ஏமாந்தவர்களின் எண்களை இவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக் கொள்கிறார்கள். காவல் துறை புகாருக்கு ஒரு பைசா கேட்காது. அப்படி அழைப்பு வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு வைத்துவிடுங்கள். குறித்த எண்ணை உங்கள் புகாரோடு சேர்க்கலாம்.

மற்ற வாசகர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை, பின் கேட்டால் உங்களிடமிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். பங்குச் சந்தை ஆலோசனை சொல்கிறவருக்கு, அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு இருக்கிறதா என்று செபியின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அவர் அனுப்பும் சான்றிதழ் போட்டோவை நம்பாதீர்கள். தர்மபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும், நேற்று இருந்த விலை இன்று இருக்காது. நல்ல சரக்குக்கே அப்படி. தினமும் 30 சதவீதம் லாபம், ஒரு நாளும் இறங்காது என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தச் சந்தையிலும் நின்றவரில்லை.

சகோதரி, தர்மபுரிக்குப் போகும்போது கணவரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாத்தனாருடைய 3,000-க்கும் தனியாக ஒரு புகார் பதிவாகட்டும், சின்னத் தொகைதானே என்று விட்டுவிட வேண்டாம். அவர் பணம் போன கணக்கும் உங்களுடைய ஆறு கணக்குகளில் ஒன்றாக இருக்கலாம். குழந்தைக்குப் பால், பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கி, அன்றைக்கே அதன் போட்டோ ஒன்றை எனக்கு அனுப்புங்கள்.